கிரீட் மலைகளில் இருப்பதெல்லாம் மூலிகையா?

வந்த கேள்வி இது: "கிரீஸ் போய் வந்த உறவினர் ஒருவர் கிரீட் தீவின் மலைச்செடி என்று சொல்லி இரண்டு பாக்கெட் காய்ந்த இலை கொடுத்தார். ஒன்றில் மலோதிரா, இன்னொன்றில் டிக்டமோ என்று எழுதியிருக்கிறது. அந்த மலைகளில் ஆயிரக்கணக்கில் மூலிகை இருக்கிறது, அதனால்தான் அங்கே இருப்பவர்கள் நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்கிறார். ஏன் அங்கே அவ்வளவு செடி? அதெல்லாம் உண்மையிலேயே மருந்தா? இதைக் குடிக்கலாமா?"

உங்கள் உறவினர் இரண்டு உண்மைகளைச் சொல்லி, அவற்றைத் தப்பாக முடிச்சுப் போட்டிருக்கிறார். கிரீட் மலைகளில் செடிவகைகள் ஏராளம். அங்கே மூலிகைப் பழக்கமும் மிகப் பழையது. ஆனால் செடிவகை அதிகமாக இருப்பதால் மருந்து அதிகம் என்பது சரியில்லை. அந்த மலைகளின் அபூர்வமான செடிகளில் பெரும்பாலானவற்றை யாரும் மருந்தாக எடுப்பதில்லை. மருந்தாக எடுக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அபூர்வமானவை அல்ல, வழியோரத்தில் காலில் மிதிபடும் சாதாரணப் புதர்கள். இரண்டிலும் சேருபவை வெகு சில. உங்கள் கையில் இருக்கும் இரண்டு பாக்கெட்டும் அந்த வெகு சிலவற்றில் அடங்கும் என்பதால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

முதலில் செடிவகைகள். மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் சேர்த்தால் உலக நிலப்பரப்பில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. ஆனால் அங்கே ஏறக்குறைய 25,000 வகைச் செடிகள் உண்டு, உலகத்துச் செடிவகைகளில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதி வேறெங்கும் இல்லாதவை. அந்தப் பரப்பிலும் செடிகள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. மொராக்கோவின் அட்லஸ், ஸ்பெயினின் சியரா நெவாடா, துருக்கியின் டாரஸ், லெபனான் மலைகள், கிரீட் என்று மலைகளிலும் தீவுகளிலும்தான் குவிந்து கிடக்கின்றன. கிரீட் மலையாகவும் தீவாகவும் இருப்பதால் அதற்கு இரட்டை லாபம்.

தீவு கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். அகலம் அதிகபட்சம் 60 கிலோமீட்டர். இந்தச் சின்ன நிலத்தில் இரண்டு மலைத்தொகுதிகள் 2,400 மீட்டருக்கு மேல் எழுகின்றன. நடுவில் சிலோரிட்டிஸ், 2,456 மீட்டர். பழைய நூல்களில் இதற்கு ஈடா மலை என்று பெயர். மேற்கில் லெஃப்கா ஓரி, அதாவது வெள்ளை மலைகள். அதன் உச்சி பாக்னெஸ் 2,453 மீட்டர். வெறும் மூன்று மீட்டர் வித்தியாசம், மேற்குக்காரர்களுக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. மேற்கு மலைகளில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து 2,000 மில்லிமீட்டரை எட்டும். தென்கிழக்குக் கடலோரத்தில் 300-ஐ ஒட்டித்தான் மழை. உச்சியில் மே மாதம் வரை பனி கிடக்க, கீழே கடற்கரையில் மக்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். காலையில் மலையடிவாரத்தில் ஆலிவ் தோப்பில் கிளம்பினால் மாலைக்குள் ஊசிமுள் மெத்தைப் புதர்கள் மட்டும் வாழும் கல் பாலைவனத்தை அடைந்துவிடலாம். இவ்வளவு சூழல்களும் ஒரு நாள் நடைக்குள் அடங்கியிருப்பது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காலம். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அட்லாண்டிக்கிலிருந்து தண்ணீர் வரும் வழி அடைபட்டு மத்தியதரைக்கடலின் பெரும்பகுதி வற்றியது. அப்போது நிலவழியாகச் செடிகளும் விலங்குகளும் இங்கே வந்துசேர்ந்தன. 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் மறுபடி நிறைந்ததும் வந்தவை மாட்டிக்கொண்டன. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இன்றைய கிரீட் ஒரே தீவாக இல்லை. மலைகள் தனித்தனித் தீவுகளாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்க நிலத்தட்டு கீழே நுழைந்து தள்ளத் தள்ள, நிலம் மெல்ல எழுந்து அவை ஒட்டின. அந்தத் தள்ளல் இன்றும் நடக்கிறது. கி.பி. 365-இல் வந்த ஒரே நிலநடுக்கம் தீவின் மேற்கு முனையை ஒன்பது மீட்டர் வரை தூக்கிவிட்டது. பழைய துறைமுகம் ஒன்று இப்போது தரையில் நிற்கிறது. ஆக, 50 லட்சம் ஆண்டுத் தனிமை, அதற்குள்ளேயே மலைக்கு மலை தனிமை. புது வகைகள் உருவாக இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது காரணம் பாறை. தீவின் மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துவிடும். புகழ்பெற்ற சமாரியாப் பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நீளம். அதன் மிகக் குறுகிய இடத்தில் இரண்டு சுவருக்கும் இடைவெளி நான்கு மீட்டர்கூட இருக்காது, சுவர்களோ நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம். 1962-இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது உள்ளே இருந்த ஊர்க்காரர்களை வெளியே குடியமர்த்தினார்கள். இந்தச் செங்குத்துச் சுவர்கள்தான் செடிகளுக்குக் கோட்டை. ஆடு ஏற முடியாது, தீ எட்டாது, வேர் வெடிப்புக்குள் போனால் கோடையிலும் ஈரம் கிடைக்கும். பனியுகங்கள் வந்துபோனபோதும் வடக்கு ஐரோப்பா போல இங்கே எல்லாம் துடைத்துப் போகவில்லை. பழைய வகைகள் பல இந்த வெடிப்புகளில் ஒட்டிக்கொண்டு தப்பின.

இதன் விளைவு, கிரீட்டில் இயற்கையாக வளரும் செடிவகைகள் ஏறக்குறைய 1,800. பத்தில் ஒன்று அந்தத் தீவுக்கே உரியது. மேலே போகப் போக மொத்த வகைகள் குறையும். ஆனால் இருப்பவற்றில் தீவுக்கே உரியவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகும். லெஃப்கா ஓரியின் ஒரு சிகரச் சரிவில் மட்டும் வாழும் நெபெட்டா ஒன்று உண்டு, துளசிக் குடும்பத்துச் செடி. சிலோரிட்டிஸ் மலையில் சில கிண்ணக்குழிகளில் மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கும் ஹோர்ஸ்ட்ரிஸ்ஸியா, கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 1990-இல்தான். ஆம்பெலிட்சியா என்ற மரம் இன்னொன்று. அதன் நெருங்கிய உறவுகள் காகசஸிலும் சீனா, ஜப்பானிலும் சிசிலியிலும் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவு பழைய குலம். ஆடுகள் திரும்பத் திரும்ப மேய்ந்து அதைப் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுப் புதராகவே வைத்திருக்கின்றன. மேய்ப்பர்கள் கைக்கோல் செய்வது அந்த மரத்தில்தான். அந்தக் கோலுக்கு ஏற்ற கிளையைத் தேடி வெட்டுவதும் மரத்துக்கு ஒரு தொல்லை.

இவற்றில் எது மருந்து? ஏறக்குறைய எதுவுமில்லை. யோசித்தால் காரணம் எளிது. நாட்டு வைத்தியம் என்பது ராத்திரி பிள்ளைக்கு இருமல் வந்தால் அம்மா கை நீட்டி எடுக்கக்கூடிய பொருளில் வளர்வது. ஒரே சிகரத்தில் சில சதுர மீட்டரில் வாழும் செடியை நம்பி எந்த ஊரும் வைத்தியம் செய்ய முடியாது. அதனால் கிரீட் வீடுகளில் அலமாரியில் இருப்பவை வேறு: ஃபஸ்கோமிலோ என்ற மலைச் சேஜ் இலை, ரிகனி என்ற ஓரிகானோ, தீம், அதன் உறவான த்ரூம்பி, காட்டுப் பெருஞ்சீரகம், சீமைச் சாமந்திப்பூ (கேமமைல்). இவை தீவு முழுக்க, பல கிரீஸ் முழுக்கவும், வறண்ட சரிவுகளில் மண்டிக் கிடப்பவை.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை துளசிக் குடும்பம். துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் நமக்குத் தெரிந்த உறவுகள். மத்தியதரைக்கடல் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை நான்கைந்து மாதம் சொட்டு மழை கிடையாது. அந்த வெயிலில் நின்று, மெல்ல மெல்ல வளரும் செடிக்கு ஒவ்வொரு இலையும் சொத்து. ஆடு தின்றால் திரும்ப முளைக்கத் தண்ணீர் இல்லை. எனவே இலையின் மேல் நுண்ணிய சுரப்பிகளில் காரமான எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. பூச்சியும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அண்டாது, ஆடும் பசி மிஞ்சினால்தான் வாய் வைக்கும். ஓரிகானோவிலும் டிக்டமோவிலும் தீமிலும் முக்கியமான எண்ணெய்ப் பொருள் கார்வக்ரால். நம் கற்பூரவல்லியின் வாசனையிலும் அதுவே பெரும் பங்கு. அதன் சகோதரப் பொருளான தைமால்தான் ஓமத்தின் நெடி. ஃபஸ்கோமிலோவில் மிகுதியாக இருப்பது சினியோல், நீலகிரித் தைலத்தின் உயிர்ச்சத்து. சளிக்கும் இருமலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கிரீட்காரரும் நம் பாட்டிமாரும் தனித்தனியாக ஒரே மாதிரி இலைகளை எடுத்தது தற்செயல் இல்லை. இரண்டு பக்கத்திலும் மூக்கும் நாக்கும் ஒரே வேதிப்பொருளைத்தான் அடையாளம் கண்டன.

ஆக மருந்துக்குக் காரணம் வகைகளின் எண்ணிக்கை அல்ல, கோடை வறட்சியும் மேய்ச்சலும்தான். ஒருவேளை கிரீட்டில் 1,800-க்குப் பதில் 600 வகைகள் மட்டும் இருந்திருந்தாலும், இந்தப் பத்துப் பதினைந்து புதர்கள் இருந்திருந்தால் வீட்டு வைத்தியம் ஏறத்தாழ இதே வைத்தியமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, உங்கள் பாக்கெட்டுகளுக்கு வருவோம். டிக்டமோ தீவுக்கே உரிய செடி. பள்ளத்தாக்குச் சுவர்களில் தொங்கும். வட்டமான தடித்த இலையில் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூங்கொத்து தலைகீழாக ஆடும். இதன் புகழ் இலக்கியத்தால் வந்தது. காட்டு ஆட்டின் மேல் அம்பு தைத்தால் அது டிக்டமோவைத் தேடித் தின்னும், அம்பு தானாக விழுந்துவிடும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலேயே சொன்னார்கள். அவருடைய மாணவர் தியோஃபிராஸ்டஸ் இந்தச் செடி கிரீட்டில் மட்டுமே உண்டு, அதுவும் கொஞ்சம்தான், ஆடுகள் விரும்பி மேய்வதால் அரிது, பிரசவம் சிக்கலானால் கொடுப்பார்கள் என்று எழுதினார். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் காயம்பட்ட தன் காவிய நாயகன் ஈனியஸுக்காக வீனஸ் தேவியையே ஈடா மலைக்கு அனுப்பி இதைப் பறித்துவரச் செய்தார். ஆடு அம்பைப் பிடுங்கும் கதை 2,300 ஆண்டுகளாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது, அவ்வளவுதான். அதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அரிது என்பதும், பிரசவத்துக்குக் கொடுத்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய குறிப்புகள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்திலேயே இதன் பெயரில் வேறொரு செடியும் புழங்கியது. இலை பார்வைக்கு அப்படியே இருக்கும், வீரியம் குறைவு என்று தியோஃபிராஸ்டஸே எச்சரிக்கிறார். 'போலி டிக்டமோ' என்ற பொருள்படும் பெயரை அந்தச் செடி இன்றும் தாவரவியலில் சுமக்கிறது. கிரீட் மூலிகைக்கு அன்று இருந்த கிராக்கி அப்படி. ரோமப் பேரரசர் கிரீட்டில் சம்பளத்துக்கு மூலிகை பறிப்பவர்களை வைத்திருந்தார், அவர்கள் செடிகளைக் கூடைகளில் ரோமுக்கு அனுப்பினார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் பதிவு செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், கிறிஸ்துவுக்கு 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய, கிரீட்டின் க்னோஸஸ் அரண்மனைக் களிமண் பலகைகளில் கொத்தமல்லிக் கணக்கு இருக்கிறது. மருந்தா, சமையலா, வாசனைத் தைலமா என்று பிரிக்க முடியாது. அவர்களும் பிரித்திருக்க மாட்டார்கள்.

டிக்டமோ பறிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கயிற்றில் தொங்கிப் பறிக்கும்போது விழுந்து இறந்தவர்கள் உண்டு. காதலிக்காக ஏறிப் பறித்துவருவது இளைஞனின் வீரத்துக்கு அடையாளம் என்பதால் ஊர்வழக்கில் இதற்குக் காதலைக் குறிக்கும் 'எரோண்டாஸ்' என்ற பெயரும் உண்டு. மருந்து வியாபாரம் பெருகியபோது, இந்தக் காதல் கதை காட்டுச் செடியைக் காலி செய்யும் கதையாக மாறும் நிலை வந்தது. கடந்த நூற்றாண்டில் ஹெராக்லியோன் பகுதியில் எம்பாரோஸ் என்ற ஊரும் சுற்றுக் கிராமங்களும் இதை வயலில் பயிரிட ஆரம்பித்தன. குச்சி ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும் செடி இது. இன்று சந்தைக்கு வரும் டிக்டமோ பெரும்பாலும் வயல் விளைச்சல்தான். அதில் நல்ல பங்கு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகி வெர்மூத் போன்ற மதுபானங்களுக்கு வாசனை சேர்க்கப் போகிறது. காட்டுச் செடியை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடச் சட்டம் பாதுகாக்கிறது. ஓர் அபூர்வச் செடியைப் பாதுகாத்ததில் சட்டத்தைவிட எம்பாரோஸ் பெண்களின் மண்வெட்டிக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

மலோதிராவின் கதை வேறு. சுமார் ஆயிரம் மீட்டருக்கு மேலே, லெஃப்கா ஓரியிலும் சிலோரிட்டிஸிலும் திறந்த கல்வெளியில் வளரும். இதுவும் துளசிக் குடும்பம். சாம்பல் வெள்ளை ரோமம் போர்த்திய இலை, மஞ்சள் பூ. கிரீஸின் மற்ற மலைகளில் இதன் சகோதர இனங்களை 'மலைத் தேநீர்' என்பார்கள். ஒலிம்பஸ் மலையில் ஒன்று, டைகெட்டோஸ் மலையில் ஒன்று என்று மலைக்கு ஒரு இனம். கிரீட்டுக்கு மலோதிரா. ஜூன், ஜூலையில் பூத்ததும் தண்டோடு அறுத்து நிழலில் கட்டித் தொங்கவிடுவார்கள். இதில் காரமான எண்ணெய் குறைவு. ஃபிளேவனாய்டு வகைப் பொருட்கள் அதிகம். அதனால் கடுக்காது, தேநீர் மாதிரி தினமும் குடிக்கலாம். காஃபீனும் இல்லை. குளிர்காலத்தில் மலையூர்க் காபிக்கடையில் ஃபஸ்கோமிலோவோ மலோதிராவோ கொதித்துக்கொண்டிருக்கும். சளி பிடித்தவர் கேட்பார், பிடிக்காதவரும் கேட்பார்.

இதற்கு ஆபத்து பாறையில் இல்லை, கையில். கத்தரித்தால் அடுத்த ஆண்டு துளிர்க்கும். பழகாதவர்கள் கல்லிடுக்கில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அப்படிப் பல சரிவுகளில் மெலிந்துவிட்டது. இப்போது மலோதிராவும் பயிராகிறது. ஆனால் டிக்டமோ அளவுக்குக் காட்டுப் பறிப்பை அது ஓரங்கட்டிவிட்டது என்று சொல்ல முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் கட்டுகளில் காட்டில் பறித்ததும் கலந்து வரும்.

கிரீட் வைத்தியத்தில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி லடனோ. சிஸ்டஸ் என்ற புதர், கசங்கிய காகிதம் போன்ற ரோஜா நிறப் பூ, மிகச் சாதாரணமாக எங்கும் கிடைப்பது. கோடை உச்சி வெயிலில் இலையில் பிசின் கசியும். ரெதிம்னோ பகுதிக் கடலோர ஊரான சீசெஸில் நீளமான பட்டைகள் தொங்கும் துடைப்பம் மாதிரியான ஒரு கருவியால், கொளுத்தும் நடுப்பகலில், புதர்மேல் இழுத்து இழுத்து அந்தப் பிசினை ஒட்டவைப்பார்கள். பிறகு கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். வெயில் குறைந்தால் பிசின் இறுகிவிடும், வேலை நடக்காது. இந்தக் கருவியை 1700-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்ன்ஃபோர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பழங்காலத்தில் ஆட்டின் தாடியில் ஒட்டிய பிசினைச் சீவி எடுத்தார்கள் என்று பழைய கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ் எழுதியிருக்கிறார். தூபத்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் இது போகும். பிளேக் காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்ட வாசனை உருண்டைகளில் இதுவும் இருந்தது. பிளேக்கை அது தடுத்திருக்காது, நாற்றத்தைத் தடுத்திருக்கும்.

இந்த அறிவு எப்படிக் கைமாறியது என்பதற்கும் ஒரு வார்த்தை. வாய்வழி மட்டும் அல்ல. 'இயத்ரோசோஃபியா' என்று கையெழுத்துக் குறிப்பேடுகள் இருந்தன, நம் வைத்தியக் குடும்பங்களின் ஏட்டுச்சுவடிகள் போல. அவற்றில் கேலன், டயஸ்கொரிடீஸ் வழிவந்த மருந்தும், மந்திரமும், கண்ணேறு கழிப்பும் அடுத்தடுத்து இருக்கும். ரெதிம்னோ பகுதி மெரோனாஸ் ஊரில் 1930-இல்கூட ஒரு நாட்டு வைத்தியர் பரம்பரைக் குறிப்பேட்டைப் படியெடுத்திருக்கிறார். எனவே 'மலைவாசிகள் இயற்கையிடம் நேரடியாகக் கற்ற ரகசியம்' என்று விளம்பரத்தில் வருவதை நம்பாதீர்கள். கிரேக்க மருத்துவம், பைசாந்தியம் எனும் கிழக்கு ரோமப் பேரரசு, வெனிஸ்காரர்களின் நானூறு ஆண்டு ஆட்சி, அதற்குப் பின் துருக்கியர் ஆட்சி எல்லாவற்றின் படிவும் அதில் உண்டு. எழுதியவர்கள் ஆண்கள், செடியைப் பறித்துக் காய்ச்சிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் அந்த ஏடுகளைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்து, வேலை செய்யுமா என்ற கேள்வி. ஐரோப்பிய மருந்து முகமை டிக்டமோவுக்கும் மலோதிரா இனத்துக்கும் அங்கீகாரக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. இரண்டுக்கும் பயன் என்று சொல்வது ஜலதோஷத்தோடு வரும் இருமலும் லேசான வயிற்று உபாதையும். டிக்டமோவுக்கு மேற்பூச்சாகச் சின்னச் சின்னத் தோல் அழற்சியும் கன்றிப்போன காயமும் சேரும். ஆனால் இது 'பாரம்பரியப் பயன்பாடு' என்ற வகை. குறைந்தது 30 ஆண்டு, அதில் 15 ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், பாதுகாப்பாகப் பயன்பட்டு வந்திருக்கிறது, பயன் இருக்கலாம் என்று நம்ப இடமிருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். மருத்துவச் சோதனையில் நிரூபணமானது என்று பொருள் அல்ல. கடைக்காரர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுவார்கள்.

சோதனையும் நடந்திருக்கிறது. கிரீட் பல்கலைக்கழகத்தினர் தீம், ஃபஸ்கோமிலோ, டிக்டமோ மூன்றின் எண்ணெய்களையும் ஆலிவ் எண்ணெயில் கலந்து, சளிக்காய்ச்சல் நோயாளிகளிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. போக்கு மருந்துக்குச் சாதகம், ஆனால் அறிகுறிகளின் கடுமையிலும் நாள்கணக்கிலும் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. நேர்மையான ஆய்வு, சிறிய ஆய்வு. பரிசோதனைக் குழாயில் கார்வக்ரால் கிருமிகளைக் கொல்வது உண்மைதான். ஒரு கோப்பை கஷாயத்தில் இருக்கும் அளவு உடம்புக்குள் போய் அதையே செய்யும் என்பது வேறு பேச்சு.

நீண்ட ஆயுள் விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1960-ஐ ஒட்டி ஏழு நாடுகளில் நடுத்தர வயது ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் கிரீட்காரர்களிடம் இதயநோய் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அங்கிருந்துதான் இந்தப் புகழ் கிளம்பியது. அவர்கள் தட்டில் இருந்தது ஆலிவ் எண்ணெய், பருப்பு, தானியம், கொஞ்சம் இறைச்சி, அப்புறம் 'ஹோர்த்தா' என்ற காட்டுக்கீரைகள். அதோடு மலையில் நாள் முழுக்க நடை. கீரை பறிப்பதும் மூலிகை பறிப்பதும் அதே பெண்கள், அதே கத்தி, அதே கூடை. பலனில் பெரும்பங்கு கீரைக்கும் எண்ணெய்க்கும் நடைக்கும் உரியது. தேநீருக்கு அதில் உரிமை கோருவது கொஞ்சம் பேராசை.

எச்சரிக்கை இல்லாமல் மூலிகைப் பதில் எழுதக்கூடாது. பிக்ரகூரியா என்ற பீச்சும் வெள்ளரி கிரீட்டிலும் துருக்கியிலும் சைனஸ் தொல்லைக்கு நாட்டு மருந்து. அதன் சாற்றை மூக்கில் விட்டு உள்நாக்கும் தொண்டையும் வீங்கி, மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. சூரிய வெளிச்சத்தில் எண்ணெயில் ஊறவைக்கும் வால்ஸமோ (ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்) காயத்துக்குப் பூசச் சரி. ஆனால் அதையே உள்ளுக்குச் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்களின் மருந்து ஆகியவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். 'இயற்கைதானே' என்ற வாதம் அந்த மலைகளில் நிற்காது, அரளியும் அங்கே இயற்கையாகத்தான் பூக்கிறது.

அந்தச் செடிகளின் எதிர்காலம் பற்றியும் கொஞ்சம். மூலிகைப் பறிப்பு பெரிய வில்லன் இல்லை. ஆடு மாடு கணக்கில் மானியம் கொடுக்கத் தொடங்கிய பிறகு மலைகளில் மந்தைகள் பெருகின. மேய்ச்சல் இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம், செடிகளில் பல அதற்குத் தயாரானவைதான். கோடையில் மட்டும் மேலே வந்துபோன மந்தைகள் பாதை போட்டு, தீவனம் ஏற்றி, நீண்ட நாள் தங்கத் தொடங்கியபோதுதான் தாங்க முடியாமல் போனது. அதைவிடக் கவலை வெப்பம். ஐரோப்பா முழுக்க 66 சிகரங்களில் 2001-லும் 2008-லும் செடிகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில் லெஃப்கா ஓரியும் இருந்தது. வடக்கு மலைகளில் கீழிருந்து புதுச் செடிகள் ஏறிவந்து வகைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. மத்தியதரைக்கடல் சிகரங்களில் அது கூடவில்லை, பல இடங்களில் குறைந்திருந்தது. வெப்பத்தோடு வறட்சியும் சேர்வதால் கீழிருந்து வருபவைக்கும் இடமில்லை, ஏற்கெனவே உச்சியில் இருப்பவைக்கு மேலே போக மலையே இல்லை. முதலில் பாதிக்கப்படப்போவது அந்த ஒரு சிகரத்து நெபெட்டா போன்றவை. ஃபஸ்கோமிலோவும் ஓரிகானோவும் தாக்குப்பிடிக்கும். அதாவது உங்கள் உறவினரின் கோப்பையில் எந்த மாற்றமும் தெரியாமலே மலை ஏழையாகிவிடலாம்.

கடைசியாக உங்கள் பாக்கெட். முதலில் அட்டையைப் பாருங்கள். பயிரிட்டது என்றோ, இயற்கை வேளாண்மைச் சான்று என்றோ, விளைந்த ஊர், தயாரிப்பாளர் விவரம் என்றோ இருந்தால் நல்லது. வெறும் பிளாஸ்டிக் உறையில் ரிப்பன் கட்டியது என்றால் உள்ளே இருப்பது என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலோதிரா என்றால் தண்டும் பூவும் முழுசாகத் தெரிய வேண்டும், இலையில் வெள்ளை ரோமம் இருக்க வேண்டும். டிக்டமோ இலை உருண்டையாக, பஞ்சு போர்த்தி இருக்கும். கசக்கினால் கற்பூரவல்லியும் ஓரிகானோவும் கலந்த வாசனை வரும். வாசனையே இல்லையென்றால் பழைய சரக்கு.

மலோதிராவை இரண்டு மூன்று தண்டு ஒடித்துப்போட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடலாம், தேன் சேர்த்துக் குடிக்கலாம். டிக்டமோவைக் கொதிக்கவிடாதீர்கள், எண்ணெய் ஆவியாகிவிடும். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை போதும். கர்ப்பிணிகள் டிக்டமோவைத் தொட வேண்டாம். பிரசவத்துக்குக் கொடுத்த செடி என்ற பழைய குறிப்பே காரணம், பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. பாலூட்டுபவர்களும் சின்னப் பிள்ளைகளும் தவிர்க்கலாம். துளசிக் குடும்பச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இருமல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ பாக்கெட்டை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு முறை யாராவது கிரீட் போனால் பயிரிட்ட டிக்டமோவையே வாங்கிவரச் சொல்லுங்கள். மலையில் நடக்கும்போது மலோதிராவைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு வரட்டும், பறிக்க வேண்டாம்.